யார் கைக்கு எந்தக் கருவி?

நம் மளிகைக் கடைகளின் முகப்பைச் சற்று நிமிர்ந்து பாருங்கள். ஷாம்புச் சரத்துக்கும் ஊறுகாய்ச் சரத்துக்கும் நடுவே தோல் சீவி, டீ வடிகட்டி, கேஸ் லைட்டர், எலுமிச்சை பிழியும் கருவி, வெங்காயம் நறுக்கும் சாப்பர் என்று சமையலறைச் சாமான்கள் தொங்கிக்கொண்டிருக்கும். அரிசி, பருப்பு, சர்க்கரையில் நிற்கும் சொற்ப லாபத்தோடு ஒப்பிட்டால் இந்தச் சாமான்களில் நிற்பது அதிகம். ஆகவே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இவற்றை வைக்காத கடையைக் காண்பது அரிது.

ஆனால் இந்தச் சரக்கை நாம் படித்திருக்கிறோமா? அரிசியை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தே பழசா, புதுசா என்று சொல்லிவிடுகிறோம். மிளகாய் வற்றலை முகர்ந்து பார்த்து ஈரம் கண்டுபிடிக்கிறோம். சாப்பரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அதன் அடக்க விலையும் எம்.ஆர்.பி.யும்தான். வீட்டுப் பெண்கள் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறோம். மற்றபடி "இதெல்லாம் சோம்பேறிச் சாமான்" என்று நமக்குள் சிரித்துக்கொள்கிறோம். நாங்களும் அப்படிச் சிரித்தவர்கள்தான். அந்தச் சிரிப்பு எப்படி நின்றது, அதற்குப் பிறகு இந்தச் சரக்கைப் பற்றி நாங்கள் என்ன கற்றோம் என்பதை நம் உறுப்பினர்களின் பயனுக்காக இங்கே எழுதுகிறோம்.

எங்களுக்குப் பாடம் சொன்ன வாடிக்கையாளர்

எங்களுடையது மொத்த வியாபாரம் என்றாலும் கடையின் முன்பகுதியில் சில்லறையும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வாடிக்கையாளர் ஒருவர் கயிறு இழுக்கும் சாப்பர் ஒன்று வாங்கிச் சென்றார். பட்டறையில் பவர் பிரஸ்ஸில் வேலை பார்த்தவர். இடது கையில் கட்டைவிரல் தவிர மற்ற நான்கு விரல்களையும் மெஷினுக்குக் கொடுத்துவிட்டவர். தொழிற்பேட்டையை ஒட்டிக் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இப்படிப்பட்ட கைகள் புதிதல்ல. மனைவி கார்மென்ட்ஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, வீட்டில் சமையல் இவர் பொறுப்பாயிற்று.

இரண்டாம் நாள் சாப்பரைத் திருப்பிக் கொண்டுவந்தார். எங்கள் கடைப் பையன் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற பலகையைக் காட்டினான். நாங்களும் கல்லாவில் இருந்தபடியே, "பழகினால் வந்துவிடும் ஐயா" என்றோம். அவர் சண்டை போடவில்லை. சாப்பரைத் தராசு மேசையின் மேல் வைத்தார். "அண்ணாச்சி, ஒரு கையைப் பின்னாலே கட்டிக்கிட்டு நீங்களே ஒரு தடவை இழுத்துப் பாருங்க" என்றார்.

இழுத்தோம். கயிற்றோடு டப்பாவும் சேர்ந்து வந்தது. மறுபடி இழுத்தோம், மேசையிலிருந்து கீழே விழுந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கு விக்கும்போது என் கையைப் பாத்தீங்கதானே அண்ணாச்சி?" என்று கேட்டார்.

பார்த்தோம். பார்த்துப் பரிதாபப்பட்டோம். ஆனால் ஒரு கை மேல்மூடியை அழுத்திப் பிடிக்க, மறு கை கயிற்றை இழுக்க வேண்டிய பொருள் இது என்று யோசிக்கவில்லை. தேங்காய் எண்ணெய் கேட்டவருக்கு விளக்கெண்ணெய் ஊற்றிக் கொடுப்போமா? அதைத்தான் செய்திருந்தோம்.

பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னோம். அவர் பணம் கேட்கவில்லை. வேலைக்காகும் பொருளைக் கேட்டார். உள்ளே தேடி, மேலிருந்து உள்ளங்கையால் அழுத்தினால் கத்தி சுற்றும் வகையை எடுத்தோம். அடியில் ரப்பர் வளையம் இருந்ததால் வழுக்கவில்லை. கடையிலேயே ஒரு வெங்காயத்தைப் போட்டு அழுத்திப் பார்த்தார். விரல் இல்லாத அந்தக் கையின் உள்ளங்கையாலும் அழுத்த முடிந்தது. அதை வாங்கிக்கொண்டு போனார். இன்றும் எங்கள் வாடிக்கையாளர்தான்.

அன்று முதல் எந்தப் புதுச் சாமான் வந்தாலும் ஒரு கையைக் கட்டிக்கொண்டு ஒரு முறை சோதித்துப் பார்ப்பது எங்கள் கடையில் வழக்கமாகிவிட்டது.

நம் பாட்டிமார் சமையலறையும் கருவிகளும்

"ஒரே ஒரு வேலைக்கு ஒரு சாமானா?" என்று கேட்பவர்களுக்கு முதலில் நம் வீட்டையே காட்ட வேண்டும். இடியாப்ப உழக்கு இடியாப்பத்துக்கு மட்டும். குழிப்பணியாரக் கல் பணியாரத்துக்கு மட்டும். புட்டுக் குழல், இட்லிக் கொப்பரை, கீரை கடையும் மத்து, தேங்காய் துருவும் மணை எல்லாமே ஒற்றை வேலைச் சாமான்கள்தாம். ஒரு பொருள் ஒரே வேலைக்கு என்பதால் வீணாகிவிடாது. அந்த வேலை அந்த வீட்டில் எத்தனை முறை நடக்கிறது என்பதே கணக்கு. வாரம் மூன்று நாள் இடியாப்பம் செய்யும் வீட்டில் உழக்கு ஒரு முதலீடு. வருடத்தில் ஒரு நாள் கேக் செய்யும் வீட்டில் கேக் சாமான் பரணுக்குத்தான் போகும்.

அடுத்து, கிரைண்டர் வந்த கதையை நினைத்துப் பாருங்கள். கோயம்புத்தூரில் 1955இல் பி. சபாபதி என்பவர் மின்சாரத்தில் ஓடும் வெட் கிரைண்டரை உருவாக்கினார் என்பது வரலாறு. ஆட்டுக்கல்லில் குழவி சுழலும், குழி நிற்கும். கிரைண்டரில் பாத்திரம் சுழலும், கல் அதன் இடத்திலேயே உருளும். நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில், "மெஷின் மாவில் இட்லி ருசிக்குமா? இதெல்லாம் உடம்பு வணங்காதவர்கள் வேலை" என்று பெரியவர்கள் பேசியதைக் கேட்டிருக்கிறோம். பின்னர் கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்ற பெயருக்கு 2005-06இல் புவிசார் குறியீடே கிடைத்தது. நம் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில்தான் 2011 செப்டம்பர் 15 அன்று, அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். சோம்பேறிச் சாமான் என்று பேசப்பட்ட ஒன்றை, ஏழை வீட்டுக்கும் அவசியம் என்று அரசாங்கமே கொடுக்கும் காலம் வந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குனிந்து உட்கார்ந்து அரைக்க முடியாத மூட்டுவலிக்காரருக்குக் கிரைண்டர் வந்த நாளே விடுதலை கிடைத்தது. ஆனால் அதன் கல்லைத் தூக்கி எடுக்க வலுவில்லாத கைக்கு அந்த விடுதலை பாதிதான். பாத்திரத்தைச் சாய்த்து மாவை வழிக்கும் டில்டிங் வகை வந்த பிறகே மீதிப் பாதி கிடைத்தது. இரண்டும் கிரைண்டர்தான், இரண்டும் ஒரே மாவைத்தான் அரைக்கின்றன. ஆனால் வாங்குபவரின் தோள்பட்டையைப் பொறுத்து ஒன்று பயன்படும், மற்றது மூலையில் கிடக்கும்.

வேலூரிலிருந்து ஒரு பாடம்

நம் பூந்தமல்லி வழியாகப் போகும் பெங்களூர் சாலையில் உள்ள வேலூரில், கையையும் கருவியையும் சேர்த்து ஆராய்ந்த ஒரு டாக்டர் இருந்தார். பால் பிராண்ட் என்பது பெயர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தும் முறையில் முன்னோடி. அவர் சொல்லிய ஒரு நிகழ்ச்சி புகழ்பெற்றது. துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் தம்மால் திறக்க முடியாதபோது, நோயாளியான ஒரு சிறுவன் சாவியைத் திருகித் திறந்துவிட்டானாம். பிறகு பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியும்படி வெட்டுப்பட்டிருந்தது. வலி தெரியாததால் அவன் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறான்.

தொழுநோயாளிகளின் விரல்கள் குறைந்துபோவதற்குப் பெரும் காரணம், உணர்ச்சியற்ற கையில் ஏற்படும் சூடும் வெட்டும் அழுத்தமும் கவனிக்கப்படாமல் புண்ணாவதே என்று அவர் எடுத்துக்காட்டினார். சூடான பாத்திரம், கூர்மையான விளிம்புள்ள பிடி, சன்னமான சாவி ஆகிய அன்றாடச் சாமான்களே அந்தக் கையைக் கெடுத்தன. சிகிச்சை முடிந்தவர்கள் தங்கித் தொழில் கற்க வேலூரில் ஏற்படுத்தப்பட்ட இல்லத்தில், கையைக் காத்துக்கொண்டு கருவியைப் பிடிக்கவும் அவர்களுக்குக் கற்றுத் தரப்பட்டது.

இது தொழுநோய்க்கு மட்டும் உரிய செய்தி என்று விட்டுவிட வேண்டாம். நீண்டகாலச் சர்க்கரை நோயிலும் கை கால் மரத்துப்போவதுண்டு. நம் வாடிக்கையாளர்களில் சர்க்கரை நோய் இல்லாத வீடு எத்தனை? சூட்டை உடனே கைக்குக் கடத்தும் எவர்சில்வர் டம்ளர் அவர்களுக்கு ஆபத்து. இரட்டைச் சுவர் டம்ளர், மரப்பிடி போட்ட கரண்டி, நீளமான இடுக்கி, முழங்கை வரை மூடும் துணிக் கையுறை ஆகியவை அவர்களுக்கு ஆடம்பரம் ஆகா.

வெளிநாட்டு உதாரணமும் ஒன்று சொல்லலாம். அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்ற பாத்திர வியாபாரியின் மனைவி பெட்சிக்குக் கைவிரல் மூட்டு வாதம். சன்னமான இரும்புப் பிடியுள்ள தோல் சீவியைப் பிடிக்கவே அவர் சிரமப்பட்டார். அதைப் பார்த்த ஃபார்பர், தடித்த மெத்தென்ற ரப்பர் பிடி போட்ட சாமான்களை 1990இல் ஆக்ஸோ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இதில் வியாபாரத் தந்திரம் எதுவென்றால், அதை அவர் ஊனமுற்றோர் சாமான் என்று தனி அலமாரியில் வைக்கவில்லை. எல்லோருக்கும் பொதுவான தோல் சீவியாகவே விற்றார். வலுவற்ற கைக்கு வசதியானது ஈரக் கைக்கும், அவசரக் கைக்கும் வசதியாகத்தான் இருக்கும். ஆகவே எல்லோரும் வாங்கினார்கள்.

எந்தக் கைக்கு எது?

2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். அதே கணக்கெடுப்பில் அறுபது வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துக்கும் மேல். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதற்கு முன் 1995 சட்டத்தில் 7 ஆக இருந்த வகைகளை 21 ஆக உயர்த்தியது. ஆகவே இவர்கள் நம் வாடிக்கையாளர்களில் ஒரு சிறு மூலை என்று எண்ணிவிடக் கூடாது. எங்கள் அனுபவத்தில் கண்டவற்றைத் தேவை வாரியாகத் தருகிறோம்.

ஒரு கை மட்டும் இயங்குபவர்: விபத்தில் கை இழந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் இதில் சேர்வர். இவர்களுக்குப் பொருளை அசையாமல் பிடிக்கும் ஏற்பாடுதான் முதல் தேவை. வழுக்காத ரப்பர் விரிப்பு, மேசையில் திருகி மாட்டும் துருவி, அழுத்தும் சாப்பர் பயன்படும். கயிறு இழுக்கும் சாப்பர் பயன்படாது. மேசையில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றும் தேங்காய் துருவியும் பயன்படாது. ஒரு கை சுற்ற, மறு கை மூடியைப் பிடிக்க வேண்டும். இவர்களுக்குத் துருவிய தேங்காய்ப் பாக்கெட்டே நல்லது. செலவில்லாத யோசனை ஒன்று: காய் நறுக்கும் பலகையில் துருப்பிடிக்காத எஃகு ஆணிகள் இரண்டை அடியிலிருந்து மேலே நீட்டும்படி அடித்துவிட்டால், உருளைக்கிழங்கை அதில் குத்தி நிறுத்தி ஒரு கையால் தோல் சீவலாம். தெரு முனைத் தச்சரே செய்து கொடுப்பார்.

பிடி வலுவற்றவர்: மூட்டு வாதம், முதுமை காரணமாக விரல்களால் கிள்ளிப் பிடிக்க முடியாதவர்கள் இவர்கள். தடித்த பிடி, திருகு முறை, உள்ளங்கை அழுத்தம் ஆகியவை இவர்களுக்கு ஏற்றவை. இடியாப்ப உழக்கில் இரு கைப்பிடிகளையும் சேர்த்து அழுத்தும் வகைக்குத் தோள் பலம் வேண்டும். மேலே திருகும் வகையில் சிறிது சிறிதாகச் சுற்றினால் போதும். திருகு ஜாக்கி வேலை செய்வதும் இதே முறையில்தான். விலை சற்றுக் கூடுதலானாலும் வயதானவர் கேட்டால் திருகு வகையையே காட்டுங்கள். ஊறுகாய் பாட்டில் மூடி திறக்கும் ரப்பர் பட்டையும் இவர்களுக்கு உதவும்.

பார்வையற்றவர்: பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும், டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இருக்கின்றன. ஆகையால் அப்பக்கத்து வணிகர்களுக்கு இவர்கள் பழக்கமானவர்கள். இங்கேயும் நாங்கள் ஒரு முறை தவறு செய்தோம். சாப்பர் அனுபவத்துக்குப் பிறகு ஏற்பட்ட ஆர்வத்தில், பார்வையற்ற அம்மையார் ஒருவருக்கு நறுக்கும் கருவி ஒன்றை விடாமல் சிபாரிசு செய்தோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு அரிவாள்மணை போதும் ஐயா. அதிலே கத்தி ஒரே இடத்திலே நிக்குது. எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியும். உங்க இன்டக்ஷன் அடுப்பிலேதான் பட்டன் எங்கே இருக்குன்னு தெரியலை" என்றார். கண்ணாடிபோல் வழவழப்பான தொடு பட்டன் அடுப்பு, விரலால் தடவிப் பார்ப்பவருக்கு ஊமை அடுப்பு. குமிழ் திருகும் வகை அவருக்கு ஏற்றது. விசில் அடிக்கும் பிரஷர் குக்கரும் பால் குக்கரும் காதால் கணக்கு வைத்துச் சமைக்க உதவும் நல்ல கருவிகள். புதியது எல்லாம் உயர்ந்ததும் இல்லை. பழையது எல்லாம் தள்ளத்தக்கதும் இல்லை.

செவித்திறன் குறைந்தவர்: மேலே சொன்ன விசில் இவர்களுக்குப் பயன்படாது. விளக்கு எரிந்து அணையும் மின்சார குக்கர், நேரம் வைத்தால் தானே நின்றுவிடும் அடுப்பு, கைப்பேசியில் அதிர்வு அலாரம் ஆகியவை உதவும்.

தரையில் உட்கார முடியாதவர்: முழங்கால் வலிக்காரரும் சக்கர நாற்காலியில் இருப்பவரும் தரை அரிவாள்மணையையோ துருவுமணையையோ பயன்படுத்த முடியாது. மேசையில் திருகி மாட்டும் வகைகள் பாத்திரக் கடைகளில் கிடைக்கின்றன. நாமும் இரண்டொன்று வைத்திருக்கலாம்.

வீண் சரக்கை அறிவது எப்படி?

எல்லாக் கருவியும் யாருக்காவது உதவும் என்று சொல்லி எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்கச் சொல்வதாக எண்ண வேண்டாம். பாரிமுனைக்குக் கொள்முதலுக்குப் போனால் வண்ண வண்ண அட்டைப் பெட்டிகளில் "பன்னிரண்டு வேலை செய்யும் ஒரே கருவி" என்று நீட்டுவார்கள். அதில் பத்து வேலை அரைகுறையாகத்தான் இருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் இரண்டு மாதத்தில் விரியும். கத்தி மழுங்கினால் மாற்றுக் கத்தி கிடைக்காது. வாங்குவதற்கு முன் கீழ்க்கண்ட ஆறு கேள்விகளை நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

1. இதற்கு எத்தனை கைகள் வேண்டும்?

2. பலம் எங்கே வேண்டும்? விரல் நுனியிலா, உள்ளங்கையிலா, தோளிலா?

3. நம் சமையல் அளவுக்குப் போதுமா? ஐந்து பேர் சாம்பாருக்கு ஆறு தடவை போட்டு எடுக்க வேண்டியிருந்தால் யாரும் இரண்டாம் நாள் தொட மாட்டார்கள்.

4. கழுவ முடியுமா? நறுக்கும் நேரம் ஒரு நிமிடம், கழுவும் நேரம் ஐந்து நிமிடம் என்றால் அது பரணுக்குப் போகும். கழுவும்போது கை வெட்டுப்படுமா என்றும் பாருங்கள்.

5. உதிரி பாகம் கிடைக்குமா? நாமே கத்தி, ரப்பர் வளையம், கேஸ்கட் வாங்கி வைத்தால் அதுவும் ஒரு வியாபாரம்.

6. கண்ணால் பார்க்காமலும், காதால் கேட்காமலும் இதைப் பயன்படுத்த முடியுமா?

முதல் கேள்விக்கும் ஆறாம் கேள்விக்கும் சாதகமான பதில் கிடைக்காத பொருளையும் வாங்கலாம். ஆனால் அது யாருக்கு உதவாது என்பது விற்கும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிரஷர் குக்கர் விற்கும் உறுப்பினர்களுக்கு ஒரு நினைவூட்டல். வீட்டு உபயோக பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 பிப்ரவரி முதல் கட்டாயம். முத்திரை இல்லாததை விலை மலிவு என்று வாங்கி வைக்காதீர்கள். குக்கர் வெடித்தால் போவது நம் பெயர் மட்டும் அன்று.

லாபக் கணக்கு

ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். ஒரு சாப்பரின் அடக்கம் ரூ.120, விற்பனை ரூ.150 என்று வைத்துக்கொள்வோம். ஒரு டஜனுக்கு முதல் ரூ.1,440. பன்னிரண்டும் விற்றால் வரவு ரூ.1,800, லாபம் ரூ.360. இதில் இரண்டு உடைந்து திரும்பி, கொடுத்த மொத்த வியாபாரியும் கைவிரித்தால் வரவு ரூ.1,500, லாபம் ரூ.60. மூன்று திரும்பினால் ரூ.90 நஷ்டம். அந்த மூன்று வாடிக்கையாளரும் அடுத்த மாத மளிகைச் சிட்டையை வேறு கடைக்குக் கொண்டுபோனால் வரும் நஷ்டம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஆகவே மலிவான பத்து வகையில் ஒவ்வொரு டஜன் வாங்குவதைவிட, தேர்ந்தெடுத்த நான்கு வகையில் அரை அரை டஜன் வாங்குவது புத்திசாலித்தனம். மொத்த வியாபாரிகளாகிய எங்களுக்கும் இதில் கடமை உண்டு. உடைந்த சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக வாய்ச்சொல்லாக அல்லாமல் பில்லிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

விற்பவர் செய்ய வேண்டியது

முதலாவது, கேட்பது. "யாருக்கு வாங்குறீங்க? அவங்க எப்படிச் சமைக்கிறாங்க?" என்று சாதாரணமாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். "பாவம்" என்ற தொனி வந்தால் கோபம் வரும். அது நியாயமான கோபம். மாற்றுத்திறனாளி துணையோடு வந்தால், துணைக்கு வந்தவரிடம் பேசாமல் வாங்குபவரிடமே பேசுங்கள்.

இரண்டாவது, காட்டுவது. ஒவ்வொரு வகையிலும் ஒன்றைப் பிரித்துக் கல்லாவுக்கு அருகில் வையுங்கள். ஒரு வெங்காயமும் ஓர் உருளைக்கிழங்கும் செலவு. வாங்குபவர் தம் கையாலேயே பார்த்துவிட்டால் திரும்பி வரும் சரக்கு வெகுவாகக் குறைகிறது.

மூன்றாவது, திருப்பி எடுப்பது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் காலம் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகமாகும். நாம் மாட்டியிருக்கும் பலகை நம்மைக் காப்பாற்றாது. எங்கள் கடையில் அந்தப் பலகையைக் கழற்றி வருடங்கள் ஆகின்றன. பழுதில்லாவிட்டாலும், கைக்குப் பொருந்தாத கருவியை ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருகிறோம். மாற்ற வந்தவர்கள் வெகு சிலரே. வந்தவர்களும் மாற்றிக்கொண்டு சும்மா போகாமல் வேறு ஏதாவது வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள்.

நான்காவது, கருவியே தேவைப்படாத உதவி. வலுவற்ற கைக்காரருக்கு ஊறுகாய் பாட்டிலின் மூடியை ஒரு முறை திறந்து தளர்வாக மூடிக் கொடுப்பது, ஐந்து லிட்டர் எண்ணெய் கேனுக்குப் பதில் ஒரு லிட்டர் பாட்டில்களாகக் கொடுப்பது, அரிசிச் சிப்பத்தை வீட்டில் இறக்கும் பையன் அதைப் பிரித்து டின்னில் கொட்டிவிட்டு வருவது ஆகியவற்றுக்கு நமக்கு ஆகும் செலவு ஐந்து நிமிடம். ஆன்லைன் வியாபாரத்தோடு போட்டி போட முடியவில்லை என்று கூட்டந்தோறும் பேசுகிறோம். வாசலில் பெட்டியை வைத்துவிட்டுப் போகிறவர் நின்று மூடியைத் திறந்து கொடுக்க மாட்டார். நாம் கொடுக்கலாம்.

ஐந்தாவது, நம் கடைப் படி. வாசலில் ஒன்றரை அடிப் படியை வைத்துக்கொண்டு உள்ளே எத்தனை நல்ல கருவி அடுக்கினாலும் பயனில்லை. நிரந்தரச் சாய்தளம் கட்ட இடம் இல்லாதவர்கள் எடுத்துப் போடும் பலகை ஒன்று செய்து வைக்கலாம். சரக்குத் தள்ளுவண்டி ஏறவும் அதுவே உதவும்.

முடிவாக

சமையலறைக் கருவிகள் பயனுள்ளவையா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. இரண்டு கையும் நன்றாக இருப்பவருக்குச் சாப்பர் ஒரு வசதி. இல்லாவிட்டாலும் கத்தி இருக்கிறது. எங்கள் வாடிக்கையாளருக்கோ, மனைவி வேலையிலிருந்து திரும்பும்போது சோறும் குழம்பும் தயாராக இருக்குமா என்பது அதைப் பொறுத்தது. அவர் பட்டறையில் இழந்தது நான்கு விரல்கள். வீட்டில் தம்மால் ஒரு பயனும் இல்லை என்ற எண்ணம் வந்துவிட்டால் அது அதைவிடப் பெரிய இழப்பு. நூற்றைம்பது ரூபாய்ப் பொருள் ஒன்று அந்த எண்ணத்தைத் தடுக்குமானால், அதைச் சரியாகத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது வியாபாரத்தில் சேர்ந்ததே. அதில் லாபமும் உண்டு. பாவக் கணக்கு இல்லை.

உறுப்பினர்கள் அடுத்த முறை கொள்முதலுக்குப் போகும்போது, சாமானைக் கையில் எடுத்ததும் விலை கேட்கும் முன் ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு தடவை இயக்கிப் பாருங்கள். விற்பவர் சிரிப்பார். சிரிக்கட்டும். நாங்களும் சிரித்திருக்கிறோம்.